இறக்காத கவிஞனுக்கு ஓர் இரங்கல்

1791 ஜூனில் ஜெர்மன் கவிஞர் ஷில்லர் இறந்துவிட்டார் என்ற செய்தி டென்மார்க்கை எட்டியது. டேனிஷ் கவிஞர் யென்ஸ் பாகெசனும், நிதியமைச்சர் எர்ன்ஸ்ட் ஷிம்மெல்மான் தம்பதியும் ஹெல்லபெக் கடற்கரையில் கூடி அஞ்சலி செலுத்தினார்கள். ஷில்லரின் ‘களிப்பு’ப் பாடலைப் பாடினார்கள், மறைந்தவருக்காக பாகெசன் அதில் சில வரிகளையும் சேர்த்தார்.

செய்தி பொய். ஷில்லர் ஜெர்மனியின் யேனா நகரில் நோயும் பணமுடையுமாகக் கிடந்தார். யேனாவின் தத்துவப் பேராசிரியர் ராய்ன்ஹோல்ட் மூலம் இது தெரிந்ததும், பாகெசன் அவுகுஸ்டன்போர்க் கோமகனை விடாமல் பிடித்துக்கொண்டார். கோமகனும் ஷிம்மெல்மானும் சேர்ந்து ஆண்டுக்கு 1,000 தாலர் (அக்கால வெள்ளி நாணயம்) வீதம் 3 ஆண்டுகளுக்குத் தர முன்வந்தார்கள். கைம்மாறாக எந்த வேலையும் கேட்கவில்லை. (ஷிம்மெல்மானின் செல்வத்தில் மேற்கிந்தியக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய வியர்வையும் உண்டு. 1792இல் வந்த டேனிஷ் அடிமை வணிகத் தடைக்குப் பின்னால் நின்றவரும் அவரேதான்.)

அந்த நிம்மதியில்தான் ஷில்லர் ஜெர்மன் தத்துவஞானி காண்ட்டை ஊன்றிப் படித்தார். நன்றிக்கடனாக 1793இல் கோமகனுக்கு எழுதிய கடிதங்கள், மறு ஆண்டு கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனைத் தீயில் கருகின. அவற்றைத் திரும்ப எழுதி 1795இல் வெளியிட்டார். மனிதனின் அழகியல் கல்வி பற்றிய புகழ்பெற்ற நூல் அதுதான்.

பாகெசனின் சொந்த வாழ்க்கையில் இந்த நிம்மதி இல்லை. 1764இல் கோர்ஸோரில் ஏழை வீட்டில் பிறந்தவர்; 21 வயதில் நகைச்சுவைச் செய்யுள்கதைகளால் பெயர் வாங்கினார். 1789இல் அவர் பாட்டெழுதிய ‘ஹோல்கர் டான்ஸ்கெ’ இசைநாடகம் மேடையேறியபோது, கோபன்ஹேகனில் புகைந்துகொண்டிருந்த ஜெர்மன் எதிர்ப்பு அதன்மேல் பாய்ந்தது. இசை ஜெர்மானியரான குன்ட்ஸனுடையது. கதையும் வீலாண்டின் ஜெர்மன் காவியத்திலிருந்து வந்தது. எதிராளிகளுக்கு அது போதுமாயிருந்தது. மனம் கசந்து, கோமகன் கொடுத்த பணத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பினார். அந்தப் பயணம்தான் ‘லாபிரிந்தன்’ (1792–93) என்ற உரைநடை நூலானது. டேனிஷ் உரைநடையில் அவ்வளவு துள்ளல் அதற்கு முன் இருந்ததாகத் தோன்றவில்லை.

அப்புறம் இரண்டு மொழிக்கும் நடுவே அலைச்சல். ஆல்ப்ஸ் பயணத்தை ஹோமரின் அறுசீர் அடியில் பாடிய ‘பார்த்தெனைஸ்’ (1803) ஜெர்மனில்; டேனிஷ் கவிஞர் எலென்ஷ்லேகரோடு நடத்திய நீண்ட சண்டை டேனிஷில். 1826இல் நாடு திரும்பும் வழியில் ஹாம்பர்க்கில் இறந்தார். அடக்கம் கீல் நகரில்.

டேனிஷ் கற்பவர்கள், உடம்பு மொத்தமும் ஒரு முழமே இருந்த காலத்தை நினைத்து அவர் ஏங்கும் சிறு கவிதையிலிருந்து தொடங்கலாம். சொற்கள் எளியவை. ‘லாபிரிந்தன்’ பிறகு. ‘பார்த்தெனைஸ்’ வேண்டியதில்லை.