கருவாயியின் வாந்தி

ஜூன் 7, 2024, வெள்ளி

காலையிலிருந்து ஆறு தடவை வாந்தி. கருவாயி நாட்டு நாய்க்குட்டி, யாரோ எங்கள் திண்ணையில் விட்டுப்போனது. ஒன்றரை மாதம் இருக்கும். முதலில் திரிந்த பால், அப்புறம் வெறும் மஞ்சள் நுரை. பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தேன். மடக் மடக்கென்று குடித்தாள். ஐந்தே நிமிடத்தில் அத்தனையும் வெளியே. அப்பத்தா ஓமத் தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன்.

ஜூன் 8, சனி

விடிகாலையில் வளவில் (வீட்டின் உள்முற்றம்) மறுபடியும். ஆத்தங்குடிக் கல்லின் சிவப்புப் பூ மேல் வெந்த சேமியா மாதிரி ஏதோ கிடந்தது. குனிந்து பார்த்தால் ஒன்று சுருண்டு நெளிகிறது. படம் எடுத்துக்கொண்டு, குட்டியைக் கூடையில் போட்டுக் காரைக்குடிக்கு ஓடினேன்.

டாக்டர் முதலில் கேட்டது, "ரத்தமாகப் பேதி போகிறதா?" தடுப்பூசி போடாத குட்டி என்றதும் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான சோதனை. மலத்தைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து, கரைத்து, கிட்டில் விட்டார். பத்து நிமிடம் அந்தக் கிட்டையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஒரே கோடு, பார்வோ இல்லை. "ஆனாலும் ரத்தம் கண்டால் உடனே வாருங்கள், சீக்கிரமே சோதித்தால் சில நேரம் தப்பிவிடும்" என்றார்.

பிடரித் தோலை இழுத்து விட்டார், மெதுவாகத்தான் படிந்தது. நீர் வற்றியிருக்கிறது. எடை 1.9 கிலோ. வாந்திக்கு ஊசி போட்டு, தோலுக்கடியில் 100 மில்லி ஆர்.எல். என்ற உப்பு நீர்மருந்தை ஏற்றினார். தோள்மேல் இட்லி அளவுக்கு மேடு எழும்பியது. பூச்சி மருந்து வாந்தி நின்ற பிறகுதானாம். இப்போது கொடுத்தால் அதையும் கக்கிவிடும்.

இரவு

சாயங்காலம் நன்றாக இருந்தவள் ஏழு மணிக்குக் கக்கினாள். வெள்ளையாக! அப்பத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "பச்சப்புள்ள பசியில கத்துச்சுப்பா, ஒரு வாய்தான்."

கோபித்து என்ன செய்ய? ரொம்ப நேரம் பட்டினி போட்டாலும் ஆபத்துதான். இந்த வயதில் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி வலிப்பு வந்துவிடும். கால் மணிக்கு ஒரு ஸ்பூன் குளுக்கோஸ் தண்ணீர் என்று டாக்டர் சொன்னதை விளக்கினேன். நடுவில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது மணி இரண்டு. அப்பத்தா பட்டாலையில் உட்கார்ந்து, வெள்ளிப் பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டிருந்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தபடி.

ஜூன் 9, ஞாயிறு

வாந்தி இல்லை. குழைந்த சோறும், உப்பில்லாமல் வேகவைத்து மசித்த கோழியும் நாலு தடவை. வால் ஆடுகிறது.

ஜூன் 10, திங்கள்

எடைக்குத் தக்க பூச்சி மருந்து கொடுத்தோம். சாயங்காலம் பதினொரு பூச்சி, எண்ணினேன். தாய் வயிற்றிலேயே ஒட்டிக்கொள்ளுமாம், பாலிலும் வருமாம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். தடுப்பூசி நன்றாகத் தேறியதும். இந்தப் பூச்சி மனிதருக்கும் தொற்றும் என்பதால் வளவை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன்.

இரண்டாங்கட்டில் அப்பத்தா பாலாடையை வெந்நீரில் போட்டெடுத்து, திருநீறு போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா குழந்தையில் பால் குடித்த பாலாடை அது.

"உங்கப்பன்கிட்ட சொல்லிடாதே" என்றார்கள்.