உப்புக்கு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?

"உப்பு எங்க வேலை இல்லைங்கண்ணா." அன்றைக்கு இதைத்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். எங்கள் ஆய்வகத்தில் கையாளும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி, புற ஊதா ஒளி பட்டால் சாயத்தை உடைக்கும். சோடியம் குளோரைடை, அதாவது உப்பை, அது என்ன செய்துவிட முடியும்? வேதியியல்படி பதிலில் குறையே இல்லை. ஆனாலும் அவர் "அப்பச் சரிங்க" என்று சொன்ன விதம் மனசை விட்டுப் போகவில்லை.

திருப்பூரில் சாய ஆலைக் கழிவுநீருக்கான ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர் அவர். கழிவுநீரைப் பழைய எண்ணெய் கேனில் அவரே கொண்டு வந்தார். கருஞ்சிவப்பு, மேலே நுரை. வந்தவருக்குக் காட்டலாமே என்று, ஆய்வகங்களில் வழக்கமாகச் சோதிக்கும் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தில் பொடியைப் போட்டு ஓட்டினேன். இருட்டில் அரை மணி நேரம் கலக்கல், அப்புறம் புற ஊதா விளக்கு. நீலம் வெளிறி வெளிறி, கடைசியில் எங்கள் பொடி மட்டும் மிதந்து மோர் மாதிரி நின்றது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் வாயைப் பிளக்கும் இடம் இது. அவர் பிளக்கவில்லை. "கலரை நாங்களே எடுத்துருவோங்க. உப்புக்கு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

கேட்டதில் தப்பில்லை. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற உப்பைக் கொட்டித்தான் ஆக வேண்டும். கண்ணில் பட்டது நொய்யல் ஆற்றின் நிறம். கிணற்றையும் வயலையும் கெடுத்தது உப்பு. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு ஆர்.ஓ. (சவ்வில் உப்பை வடிகட்டுவது), ஆவியாக்கி என்று அவர்கள் மல்லுக்கட்டுவதும் உப்போடுதான்.

அவர் போன பிறகு கேன் தண்ணீரில் பொடியைப் போட்டோம். வினை நொண்டியது. ஒளி பட்டதும் பொடியில் உருவாகி, சாயத்தைத் தாக்க வேண்டிய துகள்களான ஹைட்ராக்சில் ராடிக்கல்களைக் குளோரைடும் கார்பனேட்டும் வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. எங்கள் வேலை இல்லை என்று சொன்ன உப்புதான் எங்கள் வேலையைக் கெடுத்தது.

ஆய்வுக் கட்டுரையில் மெத்திலீன் ப்ளூ முன்னால் வந்தது, கேன் தண்ணீரின் வரைபடம் பின்னிணைப்புக்குப் போனது. வழிகாட்டி அப்படிச் சொன்னார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. எல்லோரும் ஒரே சாயத்தில் சோதித்தால்தானே ஒப்பிட முடியும்? பனியனுக்கு யாரும் மெத்திலீன் ப்ளூ போடுவதில்லை என்பது வேறு விஷயம். நிறம் போனதாலேயே மூலக்கூறு முழுக்க உடைந்துவிட்டதாகவும் அர்த்தமில்லை. தண்ணீரில் மிச்சமிருக்கும் கரிமப் பொருளைக் காட்டும் மொத்தக் கரிமக் கார்பன் அளவு நிறத்தைப் போல் அவ்வளவு வேகமாக இறங்காது.

அவரிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கலாமோ? கரிமப் பொருளை முன்னாலேயே உடைத்தால் ஆர்.ஓ. சவ்வு அடைத்துக்கொள்வது குறையும், உங்கள் உப்பு வேலையும் லேசாகும் என்று. பொய்யில்லை. ஆனால் அடுத்து, "இந்தப் பொடியை எப்படிங்க திரும்ப எடுப்பீங்க?" என்று கேட்டிருப்பார். எங்களிடம் இருப்பது, சுழற்றிப் பொடியைப் பிரிக்கும், மேசை மேல் வைக்கும் சென்ட்ரிஃபியூஜ். அவருக்கு வருவதோ லட்சக்கணக்கான லிட்டர்.

இப்போது பொடியைக் கண்ணாடி மணிகளில் பூசிப் பார்க்கிறோம். வேகம் குறைகிறது, எடுப்பது சுலபம். முதல் சோதனையிலேயே உப்பைப் போடச் சொன்னால் மாணவி முகத்தைச் சுளிக்கிறாள்: "நம்பர் விழுந்துரும் சார்." சரி, முதலில் காய்ச்சி வடித்த நீரிலேயே ஓட்டும்மா என்று விட்டுவிடுகிறேன்.