அந்தக் குடை எங்கடா போச்சு?

நைட் ஷோ முடிஞ்சு பைக் ஸ்டாண்டுல நிக்கிறோம், "ரெண்டே நிமிஷம் பேசிட்டு கிளம்பலாம்"னு சொன்னது நான்தான், அதனால அதுக்கப்புறம் நடந்த எல்லாத்துக்கும் நானே பொறுப்பு. பார்த்தது ஒரு போலீஸ் படத்தோட ரெண்டாம் பாகம். பேரு வேணாம், இப்ப எனக்கு அந்தப் படத்து மேல எந்தக் கோபமும் இல்ல. ஏன்னு கடைசில தெரியும்.

எங்க செட்ல நாலு பேர். ஒருத்தன் லாஜிக். ஹீரோ ஆகாசத்துல பறந்தாக்கூட மன்னிச்சிருவான், ஆனா போன ஷாட்ல இடது கைல இருந்த வாட்ச் இந்த ஷாட்ல வலது கைக்கு போயிருந்தா அன்னைக்கு அவனுக்கு தூக்கம் கிடையாது. இன்னொருத்தன் முதல்பாகம். "முதல் பாகம் மாதிரி வரல மச்சான்"னு டைட்டில் கார்டு ஓடும்போதே சொல்லிருவான். அப்புறம் அக்கா, எங்களைவிட ரெண்டு வயசுதான் பெரியவங்க, ஆனா பார்த்த படக் கணக்குல எங்க எல்லாருக்கும் பாட்டி.

வழக்கம்போல முதல்பாகம்தான் ஆரம்பிச்சான், எந்தப் படத்துக்கும் ரெண்டாவது தேறாதுன்னு. அக்கா உடனே, "காட்ஃபாதர் ரெண்டு, 1974, சிறந்த படத்துக்கு ஆஸ்கர் வாங்கின முதல் சீக்வலே அதுதான்"னாங்க. "அதைத் தவிர?" "டெர்மினேட்டர் 2." "அதையும் தவிர?" இப்படியே தவிர்த்துக்கிட்டே போனா இவன் ஜெயிக்கத்தானே செய்வான்!

டெர்மினேட்டர் பேச்சு வந்ததும் எனக்கு நாக்கு அரிச்சிருச்சு. 1984ல முதல் படத்துல கொல்ல வந்த அதே அர்னால்டு மூஞ்சி 1991ல காப்பாத்த வருது, ஆனா அதைச் சொல்லாம ரொம்ப நேரம் இழுத்துட்டுப் போய் ஒரு காரிடார்ல துப்பாக்கியைத் தூக்கும்போதுதான் உடைப்பாங்க, ஸ்க்ரீன்ப்ளேன்னா அது, இவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சதை ட்ரெய்லர்லயே போட்டு உடைச்சு வெச்சிருந்தாங்க பாருங்க, அந்த ட்ரெய்லர் கட் பண்ணவரைத்தான் நான் இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்.

லாஜிக் கையைத் தூக்கினான். "முதல்ல எதுடா சீக்வல்? பொன்னியின் செல்வன் 2022லயும் 2023லயும் வந்துச்சு, அது ஒரே கதை, நடுவுல பெரிய இன்டர்வெல். பில்லா 2, பேர்ல ரெண்டு இருக்கு, கதை ஒண்ணுக்கு முன்னாடி நடக்குது. பீட்சா 2க்கும் முதல் பீட்சாவுக்கும் கதைல ஒட்டும் இல்ல உறவும் இல்ல." அவன் சொல்றதுல நியாயம் இருந்துச்சு, அதனால யாரும் கண்டுக்கல.

அக்காதான் போட்டாங்க ஒரு போடு. "ஜப்பானில் கல்யாணராமன் பாருங்கடா, 1985. எழுபத்தொன்பதுல வந்த முதல் படத்துல செத்துப்போன கல்யாணம் ரெண்டாவதுலயும் ஆவியா வருவான். அப்பல்லாம் செத்தவனையே கூட்டிட்டு வந்தாங்க. இப்ப உயிரோட இருக்கிற ஹீரோயினை கால்ஷீட் கிடைக்கலன்னு முதல் சீன்லயே போட்டோவா மாட்டி மாலை போட்டுடறாங்க."

நாங்க பார்த்துட்டு வந்த படத்துலயும் அதேதான். அக்காவுக்கு இது பழைய காயம். ஏலியன்ஸ்ல, 1986, ஹீரோயின் ரிப்ளி உயிரைக் கொடுத்து ஒரு சின்னப் பொண்ணைக் காப்பாத்திக் கூட்டிட்டு வருவாங்க, 1992ல வந்த மூணாவது படத்துல அந்தப் பொண்ணை ஆரம்பத்துலயே ஒரு விபத்துல முடிச்சிட்டாங்க. "அப்ப நான் ரெண்டாவது படத்துல எதுக்குடா அழுதேன்?"னு அக்கா எங்களைக் கேக்குறாங்க, நாங்கதான் எடுத்த மாதிரி.

இதுக்கு நடுவுல முதல்பாகம், கதைன்னா ரெண்டாவதுல ஷாக் கொடுக்கணும்னு கையை நீட்டி, மூச்சை இழுத்து, ஸ்டார் வார்ஸ் வில்லன் ஹீரோகிட்ட சொல்ற மாதிரி "லூக், ஐ ஆம் யுவர் ஃபாதர்"னான். எனக்கு சுர்ருன்னு ஏறிருச்சு. 1980ல வந்த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்ல அந்த இடத்துல லூக்ங்கிற பேரே கிடையாது, "நோ, ஐ ஆம் யுவர் ஃபாதர்", அவ்வளவுதான், உலகமே தப்பா சொல்லுதுன்னு நீயும் சொல்லுவியா, படத்தை கண்ணைத் திறந்து பாருங்கடான்னு அஞ்சு நிமிஷம் கிளாஸ் எடுத்தேன். அந்த அஞ்சு நிமிஷத்தை நினைச்சா இப்பவும் காது சூடாகுது.

ஏன்னா அடுத்து என் கேஸ். படத்துல இன்டர்வெல் ஃபைட் கொட்டுற மழையில, ஹீரோ தொப்பலா நனைஞ்சு அடிக்கிறான், தியேட்டரே விசில் அடிக்குது, நான் மட்டும் "குடை எங்கடா?"ன்னு கத்தி முன் சீட்டு ஆளு திரும்பிப் பார்த்து முறைச்சாரு. முதல் பாக க்ளைமாக்ஸ்ல ஹீரோ ஊரை விட்டு பஸ் ஏறும்போது ஹீரோயினோட தம்பி ஓடி வந்து ஜன்னல் வழியா ஒரு குடையை நீட்டுவான், கம்பி ஒண்ணு வளைஞ்ச கறுப்புக் குடை, ஹீரோ எதுவும் பேசாம வாங்கி மடியில வெச்சுக்குவான். என்ன சீன்! அந்தக் குடையும் காணோம், அந்தப் பையனும் காணோம், எடுத்தவங்களே முதல் பாகத்தைப் பார்க்கலையான்னு நான் பொங்கினேன்.

"அப்படி ஒரு சீன் ஞாபகம் இல்லையே"ன்னான் லாஜிக்.

"நீயெல்லாம் வாட்ச்சைத்தானே பார்ப்ப."

முதல்பாகம் போனை எடுத்தான், பன்னிரண்டு பர்சன்ட் சார்ஜ். நாலு தலையும் ஒரு ஸ்க்ரீன் மேல. விரலால அந்த சிவப்புக் கோட்டை இழுத்து இழுத்து கடைசிப் பத்து நிமிஷத்துக்கு வந்தோம். பஸ் வருது. ஏறுறான். ஜன்னலோர சீட்டு. "இப்ப வருவான் பாரு"ங்கிறேன். பஸ் கிளம்புது. "இப்ப." பஸ் திரும்புது. பேரு ஓட ஆரம்பிச்சிருச்சு. பையனும் இல்ல, குடையும் இல்ல.

"ஓடிடிக்கு வெட்டியிருப்பாங்க"ன்னேன். குரல் எனக்கே கேக்கல.

லாஜிக் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்புறம் மெதுவா, "டேய், இது நீ சொன்ன கதைடா"ன்னான். முதல் பாகம் வந்த புதுசுல ஒரு ராத்திரி மொட்டைமாடியில உக்காந்து, நான் எடுத்தா ரெண்டாம் பாகம் இப்படித்தான் ஆரம்பிக்கும்னு ஒரு மணி நேரம் கதை விட்டிருக்கேன். பையன், ஜன்னல், வளைஞ்ச கம்பி எல்லாம் அதுல வந்தது. "ஆமாடா, நான்கூட கண்ணு கலங்கினேன்"னாங்க அக்கா. அதை நானே மறந்துட்டு, படத்துல பார்த்ததா நம்பி, ஒரு டைரக்டரை ஒன்றரை மணி நேரமா திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

தரையைப் பார்த்துக்கிட்டே சாவியைத் தேடினேன். லாஜிக் விடல. "அன்னைக்கே கேக்கணும்னு நினைச்சேன். பஸ் சீன் பூரா மொட்டை வெயில். எதுக்குடா குடை?"

"வெயிலுக்கும் குடை பிடிப்பாங்க"ன்னு ஆரம்பிச்சு, அந்தக் குடை அவங்க அப்பாவோடது, கம்பி வளைஞ்சதுக்குப் பின்னாடி ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்குன்னு நான் அங்கயே புதுசா கட்டிக்கிட்டுப் போக, வாட்ச்மேன் ஒவ்வொரு லைட்டா அணைச்சுக்கிட்டே வந்தாரு. முதல்பாகம் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டே சொன்னான், "நீ அன்னைக்கு சொன்ன மாதிரி வரல மச்சான்."