எதிர்க்கவில்லை, கேட்டேன்

தாம் கேட்ட கேள்வியைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கச் சொன்ன அந்த மன்ற உறுப்பினருக்கு நான் சொன்ன பதில் நடைமுறைப்படி சரியானது என்பதில் எனக்கு இன்றும் ஐயம் இல்லை. நகராட்சி அலுவலகத்தின் மன்றப் பிரிவில் வேலை பார்க்கும் எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் சரியான பதிலைச் சொன்னவனுக்கு அது ஏன் திரும்பத் திரும்ப நினைவுக்கு வர வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தாலாவது பிடிபடுகிறதா என்று பார்க்கிறேன்.

மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இருந்த அந்தப் பொருள் மிகச் சாதாரணமானது. வீட்டுக் குடிநீர் இணைப்பு வழங்கப்பட்டுவிட்ட தெருக்களில் இருக்கும் பொதுக்குழாய்களை அகற்ற மன்றத்தின் அனுமதி கோரும் பொருள். பிளீச்சிங் பவுடர் கொள்முதல், நீரேற்று நிலைய மோட்டாரைப் பழுது பார்த்த செலவுக்குப் பின்னேற்பு (செலவழித்த பிறகு பெறும் ஒப்புதல்), தெருவிளக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு நடுவே அது இருந்தது. பொறியியல் பிரிவு கொடுத்த வரைவுக்கு எண் போட்டு, மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது என்ற வழக்கமான முடிப்போடு அச்சுக்கு அனுப்பியது நான்தான். பொதுக்குழாயில் போகும் தண்ணீருக்கு அளவும் இல்லை, கட்டணமும் இல்லை. திருகு உடைந்துவிட்டால் அது நேராகச் சாக்கடைக்குப் போகிறது. ஏற்றிய தண்ணீருக்கும் வசூலான கட்டணத்துக்கும் கணக்கு ஒட்டவில்லை என்று ஆய்வுக் கூட்டங்களில் பொறியாளர்கள்தான் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே அகற்றுவதற்கான காரணங்கள் நியாயமானவை என்றே நானும் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தப் பொருள் வாசிக்கப்பட்டபோது எழுந்து நின்றவர் முதன்முறையாகத் தேர்வாகி வந்திருந்தவர். நகராட்சித் தலைவரின் கட்சியையே சேர்ந்தவர். "வரி ரசீது இல்லாத வீட்டுக்கு எப்படி கனெக்‌ஷன் குடுப்பீங்க?" என்று கேட்டார். வேறெதுவும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியின் கனம் அங்கிருந்த அலுவலர்கள் அனைவருக்கும் தெரியும். சொத்து வரி விதிப்பு எண் இல்லாமல் குடிநீர் இணைப்புக்கான விண்ணப்பத்தை எங்கள் அலுவலகத்தில் பதிவு செய்வதில்லை. அவருடைய வார்டில் ஒரு தெருவின் முற்பகுதியில் இருப்பவை பட்டா வீடுகள். வாய்க்காலை ஒட்டிய பிற்பகுதி புறம்போக்கு, அங்குள்ள வீடுகளுக்கு வரி விதிக்கப்படவில்லை. பொருளோடு இணைத்திருந்த பட்டியலிலோ தெரு ஒரே வரியில் இருந்தது. முற்பகுதிக்கு இணைப்பு கொடுத்தாயிற்று என்பதால் தெரு முழுவதும் இணைப்பு பெற்ற தெரு ஆகிவிட்டது.

பொறியாளர், கள ஆய்வு செய்த பிறகே அகற்றுவோம் என்றார். தலைவர், "பேசிக்கலாம்மா, உக்காருங்க" என்றார். பின்வரிசையிலிருந்து "அனுமதி, அனுமதி" என்று குரல் வந்தது. அடுத்த பொருளுக்குப் போனோம். கூட்டம் முடிந்தபின் நடவடிக்கைக் குறிப்பில் அந்தப் பொருளுக்கு நேரே மன்றம் அனுமதிக்கிறது என்று எழுதினேன். வாக்கெடுப்பு நடக்கவில்லை, எதிர்க்கிறேன் என்று எவரும் சொல்லவில்லை, எழுத்தில் ஆட்சேபம் எதுவும் வரவில்லை. வேறு எதை எழுதியிருக்க முடியும்?

குறிப்பில் தலைவர் கையொப்பமிடுவதற்கு முன்பே அந்த உறுப்பினர் என் மேசைக்கு வந்துவிட்டார். கணவரை அனுப்பாமல் தாமே வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, 2022இல் நகர்ப்புறத்தில் அதன்படி முதல் தேர்தல் நடந்த பிறகும், எங்கள் அலுவலகத்துக்குக் கோப்பு கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் உறுப்பினர்களின் கணவர்களே. வந்தவர் வரைவை வாங்கிப் படித்தார். பிறகு நடந்த பேச்சை ஏறக்குறைய அப்படியே தருகிறேன்.

"நான் கேட்டது இதுல எங்க சார்?"

"கேட்டதெல்லாம் எழுதறதில்ல மேடம். தீர்மானம் மட்டும்தான் வரும்."

"ஒரு வரி போதும். கேட்டேன்னு மட்டும் போடுங்க."

"எதிர்ப்பு இருந்தா எழுதிக் குடுங்க, சேர்த்துடறேன். கேள்வியைச் சேர்க்க முடியாது."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "எதிர்ப்புன்னு எழுதினா கட்சியில என்னக் கூப்பிட்டுக் கேப்பாங்க சார். நான் எதிர்க்கல. கேட்டேன்" என்றார்.

மனுவாகக் கொடுத்தால் அடுத்த கூட்டத்துக்குப் பொருளாக வைக்க ஆணையாளரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டுப் போனார். மனு வரவில்லை.

எனக்குச் சாதகமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நடவடிக்கைக் குறிப்பு என்பது மன்றம் என்ன முடிவெடுத்தது என்பதன் பதிவு. யார் என்ன பேசினார் என்பதன் பதிவு அன்று. பேச்சை எழுதத் தொடங்கினால் எவருடைய பேச்சை எழுதுவது, எவருடையதை விடுவது என்பதை ஓர் எழுத்தர் முடிவு செய்ய வேண்டிவரும், அந்த அதிகாரம் அவருக்கு இருக்கக் கூடாது. ஒருவர் கேட்டதை எழுதினால் மற்றவர் சொன்ன பதிலையும் எழுத வேண்டும். பதிலை எழுதினால் நான் அப்படிச் சொல்லவில்லை என்று பொறியாளர் வருவார். அனுமதி, ஒத்திவைப்பு, நிராகரிப்பு, எழுத்து மூலமான எதிர்ப்பு என்ற சில வாய்பாடுகளுக்குள் எல்லாவற்றையும் அடக்கும் பழக்கம் இத்தகைய சண்டைகளைத் தவிர்ப்பதற்காகவே வந்தது என்று எனக்குப் பயிற்சி கொடுத்த மூத்த உதவியாளர் சொல்வார். அவர் சொன்னதில் இன்றுவரை நான் தவறு காணவில்லை.

ஆனாலும், உறுப்பினர் கேள்வி கேட்பது யாரோ பெருந்தன்மையாகக் கொடுத்த சலுகை அன்று. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே உறுப்பினர் தம் பகுதியின் தேவைகளைச் சுட்டிக்காட்டலாம், நிர்வாகம் குறித்துத் தலைவரிடம் கேள்வி எழுப்பலாம் என்று இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் கொடுத்த உரிமை அது. உரிமை இருக்கிறது, அதைப் பயன்படுத்தியதற்கான தடயம் நடவடிக்கைப் புத்தகத்தில் இல்லை என்றால், அந்த உரிமை கூட்ட அரங்கின் மின்விசிறிச் சத்தத்தோடு முடிந்துவிடுகிறது என்றுதானே பொருள்? இப்படி நினைக்கும்போது என் பதில் கொஞ்சம் சிறியதாகத் தெரிகிறது.

இதற்கு நான் பழகிய விதமும் காரணமாக இருக்கலாம். 2011இல் தேர்வான மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்று 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சொல்கிறது. நகர்ப்புறத் தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட காலம் முழுவதும், மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்தான் மன்றம். எங்கள் நகராட்சியில் ஆணையாளரே தனி அலுவலர். ஆணையாளர் என்ற முறையில் அவர் பரிந்துரைப்பார், தனி அலுவலர் என்ற முறையில் அவரே அனுமதிப்பார். ஒரே கையொப்பம் இரண்டு இடத்தில். அப்போதும் நான் மன்றப் பொருள் தயாரித்தேன், எண் போட்டேன், தீர்மானம் எழுதினேன். கேள்வி கேட்க ஆளில்லாத மன்றத்துக்கு எழுதுவது போல எளிதான வேலை கிடையாது. அந்த ஆண்டுகளில் என் கோப்புகள் மிகத் தூய்மையாக இருந்தன என்று பாராட்டும் வாங்கியிருக்கிறேன். தேர்வான உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்த பிறகும் என் கை அந்த நடையிலேயே எழுதியதோ என்னவோ. இதை ஒரு காரணமாகச் சொல்ல முடியுமா, அல்லது சாக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தீர்மானத்தைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை என்று நான் அவரிடம் சொன்னது பொது வழக்கம் என்ற அளவில் உண்மை. ஆனால் அரசுக்குத் தலைவர் தெரிவித்த நன்றியை நான் எழுதியிருக்கிறேன். மூத்த உறுப்பினர் ஒருவர் வற்புறுத்தி, தலைவரும் தலையசைத்ததால், விரிவான விவாதத்துக்குப் பின் என்று ஒரு பொருளுக்கு முன்னால் சேர்த்திருக்கிறேன். புத்தகத்தில் கையொப்பம் தலைவருடையது, அவர் எழுதச் சொன்னால் எழுதுவேன், அதில் எனக்குக் குழப்பம் இல்லை. அப்படியானால் அந்த உறுப்பினரிடம் நான் சொல்லியிருக்கக்கூடிய இன்னொரு வாக்கியம் இருந்தது: தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், அவர் சரியென்றால் சேர்க்கிறேன் என்பது. அதை நான் சொல்லவில்லை. புதிதாக வந்தவரைத் தலைவரோடு மோதவிட வேண்டாம் என்ற எண்ணத்தில் சொல்லவில்லை என்று நெடுநாள் நம்பிவந்தேன். இப்போது யோசித்தால், அவர் தலைவரிடம் போனால் தலைவர் என்னைக் கூப்பிட்டு யார் இந்த வழியைச் சொன்னது என்று கேட்பார் என்ற எண்ணமும் இருந்திருக்கலாம். இரண்டும் இருந்திருக்கும். எது முன்னால் வந்தது என்பதை இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மனு கொடுக்காத உறுப்பினர் சும்மாவும் இருக்கவில்லை. குழாய்களை அகற்ற ஆட்கள் போன சமயத்தில் தெருவாசிகளை அழைத்துக்கொண்டு பொறியாளரைப் பார்த்தார். வாய்க்கால் பக்கத்துக் குழாய்களை மட்டும் விட்டுவிடுமாறு பொறியாளர் வாய்மொழியாகச் சொன்னார். கள ஆய்வு என்று மன்றத்தில் சொன்னது ஏதோ ஒரு வகையில் நடந்தது என்றே கொள்ளலாம். அவர் கேட்டது நிறைவேறிவிட்டது, புத்தகத்தில் ஒரு வரியும் இல்லாமலே. என் பதிலால் எவருக்கும் தண்ணீர் நின்றுபோகவில்லை என்று நான் நிம்மதி அடைந்தது அப்போதுதான்.

பிறகு தணிக்கை வந்தது. மன்றம் அனுமதித்த பட்டியலில் உள்ள குழாய்களின் எண்ணிக்கைக்கும் செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் அகற்றியதாகப் பதிவான எண்ணிக்கைக்கும் வேறுபாடு இருந்தது. தீர்மானத்தின்படி அகற்ற வேண்டியவற்றை ஏன் அகற்றவில்லை, கட்டணமில்லாக் குடிநீர் வழங்கலை எந்த ஆணையின்படி தொடர்ந்தீர்கள் என்று தணிக்கைத் தடை எழுதினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குத் தெருவும் தெரியாது, வாய்க்காலும் தெரியாது, தாள்தான் தெரியும். வாய்மொழியாகச் சொன்ன பொறியாளர் அதற்குள் மாறுதலில் போய்விட்டார்.

பதில் தயாரிக்கும்போது ஆணையாளர் என்னைக் கூப்பிட்டார். "மன்றத்துல இதப் பத்தி யாராவது ஏதாவது கேட்டிருந்தாங்களா? இருந்தா அதையே போட்டுடலாமே" என்றார்.

"நடவடிக்கைக் குறிப்புல இல்ல சார்" என்றேன்.

அது பொய் இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. யாராவது கேட்டார்களா என்றுதான் அவர் கேட்டார். குறிப்பில் இருக்கிறதா என்று கேட்கவில்லை. அந்த ஆணையாளர் தேர்தலுக்குப் பின் வந்தவர்தான், ஆனால் அந்தக் கூட்டத்துக்கும் பிந்தி வந்தவர். நடந்ததைச் சொல்ல அந்த அறையில் இருந்தது நான் மட்டுமே. வாயால் சொன்னால் அதைத் தணிக்கைக்குக் காட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் காட்ட முடியாதது நடக்கவில்லை என்ற இடத்துக்கு என் நாக்கு எவ்வளவு எளிதாகப் போய்விட்டது என்பது எனக்கே வியப்பாக இருந்தது. உறுப்பினரிடம் சொன்னதைவிட ஆணையாளரிடம் சொன்னதுதான் இப்போது அதிகம் உறுத்துகிறது. கேள்வியைச் சேர்க்காததற்கு வழக்கம் என்ற துணை இருந்தது. இதற்கு என்ன இருந்தது என்று தேடிப் பார்க்கிறேன். அவர் கோப்பைத்தானே கேட்டார், கோப்பில் உள்ளதைத்தானே சொன்னேன் என்று ஒரு நாள் தோன்றுகிறது, மறுநாள் தோன்றுவதில்லை.

கள நிலைமையைக் கருத்தில் கொண்டு என்று தொடங்கி ஒரு பதில் எழுதினோம். தணிக்கையில் அதை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அந்தத் தணிக்கைத் தடைப் பத்தி நிலுவையில் இருக்கிறது. நகராட்சியில் நிலுவைப் பத்திகளுக்குக் குறைவில்லை என்பதால் அது ஒரு பெரிய விஷயமும் இல்லை.

அந்த உறுப்பினர் இப்போதெல்லாம் கூட்டத்தில் எழுந்து கேட்பதில்லை. மன்றப் பொருள் வீட்டுக்கு வந்ததும் தொடர்புடைய பிரிவுக்கு நேரில் போய்த் தம் வார்டுக்கு வேண்டியதைப் பேசி முடித்துவிடுகிறார், கூட்டத்தில் மற்றவர்களோடு சேர்ந்து அனுமதி என்கிறார். விவரமான கவுன்சிலர் என்று அலுவலகத்தில் நல்ல பெயர். வார்டுக்கு வேலையும் நடக்கிறது. இந்த வித்தையை அவர் யாரிடம் கற்றார் என்று நான் கேட்டதில்லை. பார்க்கும்போது மரியாதையாகவே பேசுகிறார், நானும் பேசுகிறேன், அந்த வரைவைப் பற்றி இருவருமே வாய் திறந்ததில்லை.

நாளை வேறோர் உறுப்பினர் வந்து, தாம் கேட்டதை ஒரு வரி சேர்க்கச் சொன்னால், எதிர்ப்பு இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன். அதற்கு மாற்றாக என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்று சேர்த்துச் சொல்வேனா என்பது அப்போது தலைவராக யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.