திறப்பு யாரிடம் இருக்கிறது?

டவுனிலுள்ள தாய்ச்சபை வெளியூரில் தொடங்கிய ஒரு கிறிஸ்தவக் கிளைச்சபை எப்படி இருக்கிறது என்று அறிய வேண்டுமா? ஞாயிறு காலையில் கதவைத் திறக்கிற திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். திருகோணமலை டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற ஒருவரிடம் என்றால் அந்தச் சபை இன்னும் வேர் விடவில்லை. பக்கத்து வளவு அக்காவிடம் என்றால் நம்பலாம்.

2009இல் கிண்ணியாப் பாலமும் அதன் பின் வழியிலுள்ள மற்றப் பாலங்களும் திறக்கும்வரை, டவுனிலிருந்து மூதூர்ப் பக்கம் போக லோஞ்ச் ஏற வேண்டும், இல்லாவிட்டால் துறைக்குத் துறை காத்துநிற்க வேண்டும். இப்போது ஆராதனைக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பெரிய வசதிதான். ஆனால் தாய்ச்சபைகள் சறுக்குவதும் இந்த வசதியில்தான். ஒரு வான் வண்டியில் கீபோர்டும் பாட்டுக்காரரும் ஞாயிறு பாடசாலை ஆசிரியைமாரும் தேத்தண்ணிப் பிளாஸ்கும்கூடப் போய் இறங்குகின்றன. எல்லாம் அழகாக நடக்கும். ஊர்ச்சனம் கதிரையில் இருந்து பார்த்துவிட்டுப் போகும். இரண்டு வருடம் கழித்து எண்ணினால் அதே முப்பது பேர். மழைக்கு வான் வராத ஞாயிறில் கதவே திறக்காது.

மெதடிஸ்த சபையின் பழைய கதை ஒன்று இங்கே உதவும். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜெபவீடு கட்டிய கடன் நின்றது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பதென்றும், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சேர்ப்பதென்றும் ஏற்பாடானது. காசு சேர்க்கப் போனவர்கள் யார் வருத்தத்தில் கிடக்கிறார், எந்த வீட்டில் சண்டை, யார் குடியில் விழுந்துவிட்டார் என்பதையெல்லாம் கண்டுகொண்டு வந்தார்கள். வகுப்புக் கூட்டம் என்ற மெதடிஸ்தச் சிறு குழு பிறந்தது அப்படித்தான். 1814இல் மிஷனரிமார் காலியில் வந்து இறங்கியபோது இந்தப் பழக்கமும் அவர்களோடு வந்தது. கையில் ஒரு சின்ன வேலை இருந்தால்தான் மற்றவன் வீட்டுப் படியேறக் காரணம் கிடைக்கும். கிளைச்சபை வளர்கிற வழியை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஆகவே முதலில் வேலைகளை எண்ண வேண்டும். வளர்ந்தவர்கள் நாற்பது பேர் கூடுகிற ஆராதனைக்குக் கூட்டித் துடைக்க இரண்டு பேர், கதிரைக்கும் பாய்க்கும் இரண்டு, வாசலுக்கு இரண்டு, தேத்தண்ணிக்கு இரண்டு, மைக்குக்கு ஒருவரும் பழகுகிறவர் ஒருவரும், வேதபாடம் வாசிக்க ஒருவர், பாட்டுக்கு மூன்று, ஞாயிறு பாடசாலையின் இரண்டு வகுப்புக்கு நான்கு, காணிக்கை எண்ண இரண்டு. மொத்தம் இருபது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு என்று மாற்றினால் நாற்பது பேருக்கும் வேலை உண்டு. வயதான ஆச்சிக்கு என்ன கொடுப்பது என்று யோசிக்க வேண்டாம். கதிரையில் இருந்தபடியே வந்தவர்களின் பெயரைக் கொப்பியில் குறிக்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஊரில் எல்லாரையும் அவருக்குத் தெரியும்.

ஆள் சேர்க்கும் விதத்தில்தான் அதிகம் பிழை நடக்கிறது. "விருப்பமானவர்கள் பெயர் தாருங்கோ" என்று பிரசங்க மேடையிலிருந்து அறிவித்தால் ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கிற அதே ஆட்கள்தான் வருவார்கள். மற்றவர்கள் தங்களைச் சொல்லவில்லை என்றே நினைப்பார்கள். நேரில் போய், வேலையையும் நாளையும் சொல்லிக் கேட்க வேண்டும்: "அக்கா, வாற ஞாயிறு தேத்தண்ணிக்கு நீங்களும் நானும் சேருவமா?" எவ்வளவு காலத்துக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் போதும். முடிவு தெரியாத வேலைக்கு யாரும் மனதார ஓமென்று சொல்லமாட்டார்கள். சொன்னாலும் ஆறாவது மாதம் ஆராதனைக்கே வராமல் நின்றுவிடுவார்கள். எந்த வேலையும் சோடியாகத்தான்: பழகியவர் ஒருவர், புதியவர் ஒருவர். மூன்று மாதம் முடிய புதியவர் பொறுப்பெடுத்து இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வார். இளம் பிள்ளைகள் கொழும்புக்கும் கட்டாருக்கும் போய்க்கொண்டே இருக்கிற ஊர்களில் இது கட்டாயம். கீபோர்ட் வாசிக்கிற ஒரே தம்பிக்கு விசா வந்தால் பாட்டு நின்றுவிடக் கூடாது.

தேத்தண்ணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் அதை அற்பமாக நினைப்பதால். ஐம்பது கோப்பைக்கு எட்டரை லீற்றர் தண்ணீர், நூறு கிராம் தேயிலைத் தூள், அரைக் கிலோ சீனி, தட்டிய இஞ்சி நூறு கிராம். பால்மா விற்கிற விலைக்கு வாராவாரம் பால்தேத்தண்ணி கொடுத்துக் கட்டாது. பிளேன்ரீயே போதும். தண்ணீரை இஞ்சியோடு நன்றாகக் கொதிக்க வைத்து இறக்கி, பிறகு தூளைப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிக்க வேண்டும். அடுப்பிலேயே தூளைக் காயவிட்டால் துவர்த்துப் போகும். மேசையைப் படலைக்குப் பக்கத்தில் வைத்தால் சனம் ஒரு மிடறு குடித்துக்கொண்டே போய்விடும். வளவின் பின்பக்கம் வேம்பு நிழலில் வையுங்கள், இருபது நிமிடம் நிற்பார்கள். கடுதாசிக் கோப்பை வேண்டாம், சில்வர் கோப்பை வாங்குங்கள். கழுவுவதற்கு இரண்டு பேர் நிற்க வேண்டி வரும். மகனுக்கு வேலையில்லை, தாய்க்கு நாளைக்குக் கிளினிக், வீட்டுக்கூரை ஒழுகுகிறது என்ற பேச்செல்லாம் அந்தக் குழாயடியில்தான் வரும். முடிவில் மிஞ்சின கோப்பைகளை எண்ணுங்கள். வழமையாக நாற்பது போகிற இடத்தில் முப்பத்தாறு போயிருந்தால், வராத நாலு பேர் யார் என்று அங்கேயே ஆச்சியின் கொப்பியைப் பார்த்து, அன்றைக்கே இருவர் அந்த வீடுகளுக்குப் போக வேண்டும். அடுத்த கிழமை என்றால் பிந்திவிடும்.

ஆராதனை நேரத்தை டவுனில் இருந்து முடிவு செய்யாதீர்கள். இரவு கடலுக்குப் போனவர் விடிய வந்து, மீனை விற்று, வலையைச் சீராக்கிப் படுக்கிற நேரம்தான் காலை ஒன்பது மணி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை ஞாயிறுதான் மூச்சுவிட முடியாத நாள். தம்பலகாமத்திலும் மூதூர் வயல்வெளிகளிலும் பெரும்போக அறுவடை நடக்கிற பெப்ரவரி, மார்ச்சில் பயிற்சி வகுப்பு வைத்தால் வெறும் கதிரைக்குத்தான் படிப்பிப்பீர்கள். ஞாயிறு பின்நேரம் நாலரை மணி பல இடங்களில் எல்லாருக்கும் ஒத்துவரும். அங்குள்ளவர்களைக் கேட்டு முடிவெடுப்பதே அவர்களுக்குக் கொடுக்கிற முதல் பொறுப்பு.

கட்டடம் பெரும்பாலும் தகரக் கூரைதான். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை மாரி மழை தகரத்தில் விழுந்தால் எந்த ஒலிபெருக்கியும் வெல்லாது. சத்தத்தைக் கூட்டினால் கீச்சிடும், அயல் வீட்டாருக்கும் தொல்லை. பிரசங்கத்தை நிறுத்தி, தெரிந்த பாட்டை எல்லாருமாகப் பாடுங்கள். மழை விட்டதும் தொடரலாம். ஒலிபெருக்கியை மைக்குக்கு முன்னால், சனத்தைப் பார்த்தபடி வைத்தால் கீச்சு பாதி குறையும். பிளாஸ்டிக் கதிரைகளை வெயிலில் அடுக்காதீர்கள். ஓரிரு வருடத்தில் கால் வெடித்து ஆளை விழுத்தும்.

பிள்ளைகள் விடயத்தில் இரக்கம் பார்த்துச் சட்டத்தைத் தளர்த்தவே கூடாது. ஒவ்வொரு வகுப்பிலும் வளர்ந்தவர்கள் இரண்டு பேர், முடிந்தால் ஒரே குடும்பமாக இல்லாமல். கதவு திறந்திருக்க வேண்டும். யாரும் ஒரு பிள்ளையைத் தனியே ஓட்டோவில் ஏற்றிச் செல்லக் கூடாது. சிறுவர் உதவி இலக்கம் 1929ஐப் பிள்ளைகளின் கண் மட்டத்தில் சுவரில் ஒட்டுங்கள். மற்றச் சமயத்துப் பிள்ளைகள் விளையாட்டுக்கும் பாட்டுக்கும் வருவார்கள். தாய் தகப்பனிடம் கேட்காமல் அவர்களை வகுப்பில் சேர்க்கக் கூடாது. காணிக்கையும் அப்படித்தான்: ஒரே வீட்டார் அல்லாத இருவர் எண்ணி, கொப்பியில் எழுதி, இருவரும் ஒப்பம் வைத்து, அடுத்த ஞாயிறு தொகையைச் சத்தமாக வாசிக்க வேண்டும். நம்பிக்கையான ஆள் என்பதற்காகத் தனியே எண்ண விட்டால், ஒரு நாள் அந்த நல்ல மனிதரின் பெயர்தான் கெடும்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு வாசலில் நிற்பது பாரமான வேலை. ஒருவர் பையைப் பார்க்கட்டும், மற்றவர் கையைப் பிடித்து வரவேற்று இருக்க வைக்கட்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் புதிதாக வருகிறவர் விசாரணைக்கு வந்தவர்போல் உணர்வார்.

சபைக்கு வெளியே செய்கிற வேலையில் ஊர்தான் முதலிடம். 2017 மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு எப்படி உலுக்கியது என்று இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். ஆகவே மாதம் ஒரு பெரிய சிரமதானத்தைவிட வாரம் அரை மணித்தியாலம்தான் பலன் தரும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடமும் கிராம சேவகரிடமும் முன்கூட்டியே சொல்லி, பள்ளிவாசலையும் கோயில் நிருவாகத்தையும் சேர்த்து, அவர்கள் குடியிருக்கிற ஒழுங்கைகளுக்கும் நடந்து போங்கள். கையில் துண்டுப்பிரசுரம் கொண்டுபோகாதீர்கள். சிரட்டை கவிழ்க்கப் போனால் சிரட்டை மட்டும்தான். உதவியைத் தூண்டிலாக்குகிறார்கள் என்ற சந்தேகம் ஒருமுறை விழுந்தால் பத்து வருடத்துக்கும் தீராது. புதிய வழிபாட்டிடங்கள் பற்றிய 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைக்குப் பின் அனுமதிக் கேள்வி எந்த நேரமும் எழலாம். பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதங்களின் பிரதியை ஒரு கோவையில் வைத்திருங்கள்.

கைமாற்றுவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. முதல் மாதமே திறப்பைக் கொடுங்கள், இரண்டு வீட்டில் இரண்டு. பிறகு தேத்தண்ணியும் கதிரையும். ஆறு மாதத்துக்குள் பாட்டும் வாசிப்பும். ஒரு வருடத்தில் ஞாயிறு பாடசாலையும் கணக்குக் கொப்பியும். பிரசங்கம் கடைசியில், பயிற்சியோடு. அதன் பிறகு டவுன் வான் மாதத்தில் ஒரு நாள் வரட்டும். வருகிறவர்கள் கதிரையில் இருந்து கேட்டு, கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்து, குழாயடியில் நின்று தங்கள் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகட்டும்.