எண் போட்ட தெருக்கள்

வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்பக்கச் சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு சதுரத்தை மட்டும் வேறு செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். வந்த முதல் வாரமே மகள் அதைக் கவனித்துவிட்டாள். “இது வழியா யாரும்மா வருவாங்க?” என்றாள். எனக்கும் தெரியவில்லை. குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு பின்சந்துக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் சொன்னார். அது கரிப் பொந்து. சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குச் சம்பளத்தோடு வீட்டுக்கு நிலக்கரியும் உண்டு. லாரி வந்து சந்தில் குவியலாகக் கொட்டிவிட்டுப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள் அதை வாரி, இந்தப் பொந்து வழியாக உள்ளே தள்ளவேண்டும். “இருட்டுறதுக்குள்ள முடிக்கலைன்னா சாப்பாடு கிடையாது” என்று சொல்லிச் சிரித்தார். அவர் தள்ளிய பொந்தும் இன்னும் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதை அவர் அடைக்கவில்லை.

நான் இங்கே வந்தது 2022 நவம்பரில். இங்கிலாந்தின் வடகிழக்கில் டர்ஹம் மாவட்டம், கடலோரம் ஹார்டன் என்று ஓர் ஊர். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அந்த ஆண்டுதான் இந்த வேலைக்கும் விசா தரத் தொடங்கியிருந்தார்கள். வாடகை குறைவு என்பதால் ஹார்டனுக்கு வந்தோம். இங்கே வரிசையாகப் பல தெருக்களுக்குப் பெயரே இல்லை. முதல் தெரு, இரண்டாம் தெரு என்று எண்தான். 1900இல் ஹார்டன் கோலியரீஸ் கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கியதும், ஆட்களைக் குடிவைக்க மடமடவென்று கட்டிய வீடுகள். ஒரே சுவரை இரண்டு வீடு பங்குபோட்டுக்கொள்ளும். முன்னால் தெரு, பின்னால் சந்து. எட்டாம் தெரு என்று ஃபோனில் விலாசம் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “லயம் மாதிரி இருக்கா?” என்று கேட்டாள்.

அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய வீட்டில், பிறந்தவள். 1964 ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளித் தமிழர்களை, இந்தியாவுக்கு 5,25,000 பேர் என்று இரண்டு அரசாங்கங்களும் தலையை எண்ணிப் பிரித்தபோது எங்கள் குடும்பம் இந்தியப் பக்கம் விழுந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து, கூடலூரில் மறுபடியும் தேயிலை, மறுபடியும் லயம். நான் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். அதனால் எண் போட்ட தெரு எனக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரன் தன் ஆட்களையும் இப்படித்தான் வைத்திருந்தான் என்பதுதான் புதிது.

இங்கே எண்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தாத்தா என்று கூப்பிட்டு அதற்கு அர்த்தமும் சொன்னேன். அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அவர் என்னையும் மகளையும் ‘பெட்’ என்பார். இந்தப் பக்கம் எல்லாருமே அப்படித்தான், நம்மூரில் ‘கண்ணு’ என்கிற மாதிரி. அவருடைய பேத்தி என்னோடு அதே இல்லத்தில் வேலை செய்கிறாள். இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு அடுப்படி மேஜையில் உட்கார்ந்து அவள் குடும்ப வரலாறு தேடுவாள். நானும் கூட உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். இந்த ஊர் எனக்குப் பழகியது அந்த மேஜையில்தான்.

தாத்தாவின் இடது புருவத்துக்கு மேலே ஒரு நீலக்கோடு உண்டு. முழங்கையிலும் இரண்டு. எங்கள் பாட்டி கையில் இருந்த பச்சைக்குத்து போலவே இருக்கும். அப்படித்தான் நினைத்தேன், கேட்டும்விட்டேன். பச்சை இல்லை. உள்ளே காயம் பட்டால் கழுவ நேரம் இருக்காது. கரித்தூள் உள்ளே இருக்கவே மேலே தோல் மூடிக்கொள்ளும். அந்த நீலம் சாகிறவரை போகாது. அவருடைய அப்பாவுக்கு முதுகெலும்பு நெடுக, ஒவ்வொரு முட்டிலும் பொத்தான் தைத்த மாதிரி தழும்பு இருந்ததாம். கூரை அவ்வளவு தாழ்வு. குனிந்து போகும்போது முதுகு உரசி, ஆறுவதற்குள் மறுபடியும் உரசும்.

கணினியில் தேடத் தேட ஐந்து தலைமுறை கிடைத்தது. ஐந்தும் சுரங்கம். 1861 மக்கள்தொகைக் கணக்கில் தாத்தாவின் கொள்ளுத்தாத்தா, ஒன்பது வயதுப் பையனாக, அப்பா அம்மாவோடு இருக்கிறார். கூடப் பிறந்தவர்கள் மூவர். அந்தப் பக்கத்தில் என்னை நிறுத்தியது பிறந்த ஊர் என்ற கட்டம். ஒரு பிள்ளை ஹெட்டன், ஒன்று ஹாஸ்வெல், ஒன்று தோர்ன்லி, ஒன்று விங்கேட். நான்கு பிள்ளை, நான்கு ஊர். ஊர் சுற்றிகளோ என்று பேத்தி கேட்டாள். இல்லை, அது ‘பாண்டு’ என்றார் தாத்தா. அந்தக் காலத்தில் டர்ஹம் சுரங்கத் தொழிலாளி முதலாளியிடம் ஓராண்டுக்குக் கைநாட்டு வைத்துக் கட்டுப்படவேண்டும். நடுவில் விட்டுப் போனால் ஜெயில். ஆண்டு முடிந்ததும் வேறு சுரங்கத்தில் கூலி கொஞ்சம் மேல் என்றால், தட்டுமுட்டுச் சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். வீடு கம்பெனியுடையது, வேலையை விட்டால் வீடும் போய்விடும். 1844 வேலைநிறுத்தத்தில் குடும்பம் குடும்பமாக வெளியே தள்ளினார்கள். கட்டிலும் மேஜையும் தெரு ஓரத்தில் கிடந்தன, அதற்குள் பிள்ளைகளைப் படுக்கவைத்தார்கள். பாண்டு ஒழிந்தது 1872இல்தான்.

கங்காணியிடம் பற்று வாங்கிவிட்டுத் தோட்டத்தை விட்டு நகர முடியாமல் கிடந்ததை எங்கள் வீட்டில் கதையாகச் சொல்வார்கள். அதை அவர்களிடம் சொன்னேன். தாத்தா ஒன்றும் பேசாமல் கெட்டிலை அடுப்பில் வைத்தார்.

அந்த ஒன்பது வயதுப் பையனின் கல்யாணப் பதிவு 1875க்குரியது. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. மணமகளும் பெருக்கல் குறிதான். அவர் மகன், அதாவது தாத்தாவின் தாத்தா, 1911 கணக்கெடுப்புத் தாளைத் தன் கையாலேயே நிரப்பியிருக்கிறார். அந்த ஆண்டுத் தாளில் கல்யாணமானவர்களிடம் ஒரு கேள்வி உண்டு: உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பது எத்தனை, இறந்தது எத்தனை. அவர் எழுதியது 7, 4, 3. அந்த 3க்கு மேல் பேனா அழுந்தியிருக்கிறது, ஸ்கேன் செய்த படத்திலேயே தெரிகிறது. பேத்தி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அந்தத் தாளில் மனைவிக்கு ‘தொழில்’ என்ற கட்டம் காலி. இது எனக்குப் பொறுக்கவில்லை. சுரங்கத்தில் எட்டு மணி நேரச் சட்டம் 1908இல் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் டர்ஹமில் அதை வைத்தே 1910இல் மூன்று ஷிஃப்ட் கொண்டுவந்தார்கள். வீட்டில் புருஷனுக்கு ஒரு ஷிஃப்ட், மூத்த பையனுக்கு ஒரு ஷிஃப்ட், வாடகைக்குத் தங்கியவருக்கு ஒரு ஷிஃப்ட் என்றால், நடுச்சாமம் எழுந்து ஒருவரை அனுப்பி, விடிவதற்குள் இன்னொருவருக்கு வெந்நீர் போட்டு, கரி படிந்த துணியைச் சுவரில் அடித்துத் தட்டி, அடுப்பு முன்னால் தகரத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, பிறகு அதையே அள்ளி வெளியே கொட்டவேண்டும். ஹார்டனில் அப்போது கலகமே நடந்தது. ‘என் அம்மா கட்டிலில் படுத்துத் தூங்கியே நான் பார்த்ததில்லை, நாற்காலியில்தான் தூங்குவாள்’ என்று தாத்தாவின் அப்பா சொல்வாராம். ஒரு வீட்டில் மூன்று ஷிஃப்டும் ஓடியதென்றால் ஓட்டியது அவள். காகிதத்தில் அவள் தொழில் இல்லாதவள்.

தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். 1921 கணக்கில் முதலாளி பெயரையும் கேட்டார்கள், அதனால் எந்தச் சுரங்கம் என்று சரியாகக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு தொழிலாளர் பிரச்சினையால் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குத் தள்ளிப்போனது. ஜூனிலும் சுரங்கங்கள் பூட்டியே கிடந்தன. அதனால் பலர் பெயருக்கு நேரே ‘வேலையில்லை’ என்று இருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது. 1931 கணக்கு தீயில் எரிந்துபோனது, 1941இல் யுத்தத்தால் எடுக்கவே இல்லை. நடுவில் இருப்பது 1939 பதிவேடு மட்டும். அதில் தாத்தாவின் அப்பா, கரி வெட்டுபவர், பக்கத்தில் ‘ஹெவி வொர்க்கர்’, பளுவான வேலை செய்பவர், என்று இரண்டு சொல். விபத்தில் இறந்தவர்களை டர்ஹம் சுரங்க அருங்காட்சியகம் பெயர் பெயராகத் திரட்டி வைத்திருக்கிறது. பேத்தி அதில் தன் குடும்பப் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டுத் தேடும் பொத்தானை அழுத்தாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

தாத்தாவுக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1951 மே 29 அன்று, பக்கத்து ஈசிங்டனில் வெடித்தது. கரி வெட்டும் இயந்திரத்தின் பல் கல்லில் உரசித் தீப்பொறி வந்து வாயு பற்றிக்கொண்டது. மீட்கப் போன இருவரையும் சேர்த்து 83 பேர் இறந்தார்கள். இப்போது அங்கே 83 மரங்கள் நிற்கின்றன. அவருடைய அப்பா அன்று ஷிஃப்ட் முடிந்து, குளிக்காமலே அங்கே நடந்துபோய் கேட் பக்கம் நின்றாராம். திரும்பி வந்து, நீ சுரங்கத்துக்குள் இறங்கக்கூடாது என்றார். ஐந்து வருஷம் கழித்துப் பையன் இறங்கினான். வேறு என்ன வேலை இருந்தது? கூடப் படித்தவன் எல்லாரும் அங்கேதான். முதல் நாள் கூண்டில் இறங்கும்போது காது அடைத்தது, பக்கத்தில் நின்ற ஆள் எச்சிலை முழுங்கு என்றார். அவர்தான் பிறகு முப்பது வருஷம் ‘மர்ரா’. கூட வேலை செய்கிற கூட்டாளியை அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் கூட்டாளி என்ற சொல் போதாது. ஹார்டனில் கரி கடலுக்கு அடியில் மைல் கணக்கில் போகிறது. மேலே கடல், நடுவே கல், கீழே நீயும் மர்ராவும். உன் தலைக்கு மேல் இருக்கும் கல்லை உனக்கு முன் அவன் தட்டிப் பார்த்திருப்பான்.

வெட்டும் இடத்துக்குச் சீட்டுப் போடும் வழக்கத்தையும் சொன்னார். அதற்கு ‘கேவில்’ என்று பெயர். ஓரிடத்தில் கரி மெதுவாக உதிரும், இன்னோரிடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று வெட்டவேண்டும். ஃபோர்மேனுக்கு வேண்டியவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடாது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொப்பிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். முதலாளி கொடுத்த முறை இல்லை, தொழிலாளிகள் விடாமல் காப்பாற்றிய முறை. தேயிலை மலையில் எந்த நிரை யாருக்கு என்பது கங்காணி மனசைப் பொறுத்தது என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தச் சீட்டு எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

1984 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு வருஷம் நீண்டது. அதைப் பற்றி அவர் குறைவாகவே பேசுவார். அவர் மகனுக்கு அப்போது பதினெட்டு, அவனும் சுரங்கத்தில். இரண்டு சம்பளமும் நின்றது. பெண்கள் சமையல் கூடம் நடத்தினார்கள், அவர் மனைவி தினமும் உருளைக்கிழங்கு உரித்தார். கிறிஸ்துமஸுக்குப் பிரான்ஸ் தொழிற்சங்கங்கள் பிள்ளைகளுக்குப் பொம்மைகள் அனுப்பின. 1985 மார்ச்சில் கொடி பிடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். 1987இல் ஹார்டன் சுரங்கம் மூடப்பட்டது. நான்கு தெரு தள்ளி இருக்கும் ஆள் ஒருவர் வேலைநிறுத்தத்தின் நடுவில் வேலைக்குத் திரும்பியவர், இன்றும் தாத்தா அவரிடம் பேசுவதில்லை. நாற்பது வருஷம். பேசிவிடலாமே என்று ஒருநாள் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

போன ஜூலை இரண்டாவது சனிக்கிழமை டர்ஹம் சுரங்கத் தொழிலாளர் விழாவுக்கு எங்களையும் அழைத்துப்போனார். 1871இலிருந்து நடக்கிறது, இங்கே ‘பெரிய கூட்டம்’ என்பார்கள். ஒரு சுரங்கம்கூட இல்லாத மாவட்டத்தில் ஒவ்வொரு சுரங்கத்தின் பட்டுக்கொடியும் பித்தளை வாத்தியத்தோடு வருகிறது. முன்பெல்லாம் அந்த ஆண்டில் உயிர்ப்பலி நடந்த சுரங்கத்தின் கொடியில் கறுப்புத் துணி கட்டியிருக்குமாம். ‘கிரெஸ்ஃபோர்ட்’ என்ற இசையை வாசித்தபோது தாத்தா தொப்பியைக் கழற்றினார். 1934இல் வேல்ஸின் கிரெஸ்ஃபோர்ட் சுரங்க விபத்தில் இறந்த 266 பேருக்காக ராபர்ட் செயின்ட் என்ற ஹெபர்ன் ஊர்ச் சுரங்கத் தொழிலாளி எழுதிய மெட்டு. பாட்டு வரி கிடையாது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூட்டத்தில் அறிமுகமான வயசாளிகள் எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: “உங்க அப்பா எந்தப் பிட்?” சுரங்கத்தை ‘பிட்’ என்றுதான் சொல்வார்கள். ஊர் பெயரோ வேலையோ கேட்கவில்லை. கேட்டவர்களில் ஒருவர் என்னையும் கேட்டார், கேட்ட பிறகுதான் என் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். எனக்குக் கோபமே வரவில்லை. எங்கள் ஆட்களும் முதலில் ‘எந்தத் தோட்டம், எத்தனாம் நம்பர் லயம்’ என்றுதான் கேட்பார்கள்.

அடுத்த ஞாயிறு பேத்தி வரைந்த வம்ச மரத்தை மேஜையில் விரித்தோம். தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, உன் ஆட்கள் எங்கே என்றார். எங்களுக்கு இப்படிக் காகிதம் கிடையாது என்றேன். அம்மாவின் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை ஒன்றுதான், அதற்குப் பின்னால் பேச்சு மட்டும். “ஃபோன் போடு” என்றார்.

அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். கூடலூரில் ராத்திரி எட்டு மணி. அவள் தன் தாத்தா பெயர் வரை சொன்னாள். அதற்கு முந்தியவர் காலில் நடந்தே வந்தவர், பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, கொழுந்துக் கூடையை இடது தோளில் போடுகிறவர் என்று மட்டும் சொல்வார்களாம். மலை நுவரெலியாப் பக்கம், ஆறாம் நம்பர் லயம். நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, தாத்தா மரத்தின் ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்.

“ஆறாம் தெருவா?” என்று நிமிர்ந்து பார்த்தார்.

இல்லை, லயம் என்றேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். பேனாவை மாற்றிப் பிடித்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.