வளிமண்டலக் கேள்வி: சூடு எங்கிருந்து வருகிறது?

எஸ்.டி.பி.எம். (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) புவியியலில் வளிமண்டலத்தின் அடுக்குகளையும் கலவையையும் விளக்கச் சொல்லும் கேள்வி வந்தால், நான்கு அடுக்குகளின் பெயரையும் உயரத்தையும் ஒப்பித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வெப்பநிலை ஏன் ஏறி இறங்குகிறது என்பதை விளக்கினால்தான் பதில் நிறைவாகும்.

முதலில் வரைபடம். படுக்கை அச்சில் வெப்பநிலை, செங்குத்து அச்சில் உயரம், 1 செ.மீ.க்கு 10 கி.மீ. நான்கு குறிகள் போதும்: தரையில் 27 பாகை செல்சியஸ், 17 கி.மீ.யில் சுமார் −80, 50 கி.மீ.யில் 0க்கு அருகே, 85 கி.மீ.யில் சுமார் −90. அதற்கு மேல் கோடு மறுபடி சூட்டுப் பக்கம் திரும்பும்.

ஒவ்வொரு திருப்பத்திலும் சூடாக்குவது எது என்று கேளுங்கள். தரையை ஒட்டிய முதல் அடுக்கான துரோபோஸ்பெராவைத் தரை சூடாக்குகிறது. தரையை விட்டு விலக விலகக் குளிர்கிறது, கிலோமீட்டருக்குச் சராசரி 6.5 பாகை. பினாங்குக் கொடிமலை 833 மீட்டர்: 0.833 × 6.5 = 5.4. ஜார்ஜ்டவுனில் 31 என்றால் உச்சியில் ஏறக்குறைய 25½. அதற்கு மேல், 50 கி.மீ. வரையுள்ள ஸ்த்ராதோஸ்பெராவில் ஓசோன் புறஊதாக் கதிரை உறிஞ்சிச் சூடாகிறது. அடுத்து 85 கி.மீ. வரையுள்ள மெசோஸ்பெராவில் ஓசோன் மிகக் குறைவு, தரையும் தொலைவு, ஆகவே குளிர். அதற்கும் மேலுள்ள தெர்மோஸ்பெராவில் மெல்லிய காற்றே சூரியனின் மிகக் குறுகிய அலைக்கதிர்களை நேரடியாக ஏற்கிறது.

துரோபோஸ்பெராவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 12 கி.மீ. உயரம் உலகச் சராசரி. கோலாலம்பூருக்கு மேல் 16, 17. துருவத்தில் 8 அளவில். குளிர்ந்துகொண்டே போக இங்கே கூடுதல் தூரம் இருப்பதால், அதன் மேல்விளிம்பு துருவத்தைவிடப் பூமத்தியரேகையில்தான் அதிகக் குளிர். பலர் தலைகீழாக எழுதும் இடம் இது.

இன்னொன்று, சுஹுவும் ஹாபாவும்: மலாயில் சுஹு என்றால் வெப்பநிலை, ஹாபா என்றால் வெப்பம். தெர்மோஸ்பெராவில் வெப்பநிலை 1,500 பாகையைத் தாண்டக்கூடும். ஆனாலும் அங்கே சுடாது. துகள்கள் அதிவேகமாக ஓடுகின்றன, எண்ணிக்கையோ மிகச் சொற்பம். சுஹு அதிகம், ஹாபா குறைவு. மலாயில் எழுதும்போது இரண்டையும் மாற்றிப் போட்டால் விளக்கமே கவிழ்ந்துவிடும்.

காற்றின் கலவை எளிது: நைட்ரஜன் 78.08, உயிர்வளி (ஆக்சிஜன்) 20.95, ஆர்கன் 0.93, கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) சுமார் 0.04 விழுக்காடு. பழைய குறிப்பில் கரிவளி 0.03 என்றிருந்தால் திருத்துங்கள். இவை உலர்ந்த காற்றுக்கு உரியவை என்றும் எழுதுங்கள். நீராவி இடத்துக்கு இடம் 0 முதல் 4 விழுக்காடு வரை மாறும். மலையேறினால் உயிர்வளியின் விழுக்காடு குறையும் என்பது தவறு. ஏறக்குறைய 80 கி.மீ. வரை இந்த விகிதம் மாறுவதில்லை. குறைவது அழுத்தம்: 5.5 கி.மீ.யில் பாதியாகிவிடும், ஒரே மூச்சில் கிடைக்கும் உயிர்வளியும் பாதிதான்.